விலக்கும் சட்டம், சேர்க்கும் சட்டம்

லேவியராகமத்தின் தொழுநோய் விதிகளும் கொல்லிமலையும்

(செம்மேட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வேதாகமத்தின் பழைய சட்டங்களைப் பற்றியும் அவை பிற்காலத்தில் விட்டுச்சென்ற தடங்களைப் பற்றியும் பேசுமாறு பணித்தார்கள். பெரிய தலைப்பு. யூதர்கள் தோரா என்றும் கிறித்தவர்கள் பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து ஆகமங்கள் என்றும் போற்றும் பகுதியில் 613 கட்டளைகள் இருப்பதாக யூத மரபு கணக்கிடுகிறது. கொலை, களவு, கடன், அடிமை விடுதலை, ஓய்வுநாள், உணவு, உடை, அறுவடையில் ஏழைக்கு விடவேண்டிய வயலோரம் என்று வாழ்வின் எந்த மூலையையும் அவை விட்டுவைக்கவில்லை. ஒரு மாலைப் பொழுதில் அத்தனையையும் தொட்டால் எதையும் சொன்னதாகாது. ஆகவே ஒரே ஒரு சட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். லேவியராகமத்தின் 13, 14ஆம் அதிகாரங்களில் உள்ள தொழுநோய்ச் சட்டம் அது.

அதை இங்கே பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. தொழுநோயாளியின் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திக் காட்டி, அந்த நோயைப் பற்றி உலகம் கொண்டிருந்த எண்ணத்தையே மாற்றியவர்களில் ஒருவரான டாக்டர் பால் பிராண்ட், 1914 ஜூலை 17 அன்று பிறந்தது இந்தக் கொல்லிமலைக் குடும்பத்தில்தான். அவருடைய பெற்றோர் அந்தச் சட்டம் எழுதப்பட்ட நூலைக் கையில் வைத்துக்கொண்டு மலையேறியவர்கள். அந்த நூலின் ஒரு அதிகாரம் மனிதனை ஊருக்கு வெளியே அனுப்புகிறது. அடுத்த அதிகாரம் அவனை ஊருக்குள் அழைத்து வருகிறது. உலகம் முதல் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிட்டது என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

சட்டம் சொல்வது என்ன?

உடம்பில் ஒரு தடிப்போ, அசறோ, வெள்ளைப் படரோ தோன்றினால் அந்த ஆளை ஆசாரியன் எனப்படும் குருவிடம் கொண்டுவர வேண்டும். அங்குள்ள மயிர் வெளுத்திருக்கிறதா, அந்த இடம் தோலைவிடப் பள்ளமாகத் தெரிகிறதா என்று ஆசாரியன் பார்ப்பான். இரண்டும் இருந்தால் அப்போதே தீட்டு என்று தீர்ப்பு. ஐயமாக இருந்தால் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஏழு நாள் அடைத்துவைத்துப் பார்க்க வேண்டும். மாற்றமில்லை என்றால் இன்னும் ஏழு நாள். படர் மங்கியிருந்தால் ஆளைச் சுத்தமானவன் என்று அறிவித்து, துணியைத் துவைத்துக்கொண்டு போகச் சொல்ல வேண்டும்.

தீட்டு என்று தீர்ப்பாகிவிட்டால் நிலைமை கடுமை. அவன் கிழிந்த உடை உடுத்த வேண்டும். தலைமுடியை விரித்துவிட வேண்டும். மேலுதட்டை மூடிக்கொள்ள வேண்டும். தான் தீட்டுள்ளவன் என்று தானே கூவி அறிவிக்க வேண்டும். பாளையத்துக்கு, அதாவது மக்கள் கூடாரமிட்டுத் தங்கிய இடத்துக்கு, வெளியே தனியே குடியிருக்க வேண்டும். செத்த வீட்டுத் துக்கத்துக்கு உரிய அடையாளங்கள் இவை. உயிரோடு இருப்பவன் தனக்கே துக்கம் காக்கிறான்.

இந்த இடத்தோடு நிறுத்திவிட்டுத்தான் பெரும்பாலோர் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். தொடர்ந்து படித்தால் சில வியப்புகள் காத்திருக்கின்றன. நோய் தலை முதல் கால்வரை பரவி உடம்பு முழுவதும் வெளுத்துப்போனவன் சுத்தமானவன் என்கிறது சட்டம். ஆட்டுமயிர் ஆடைக்கும், சணல்நூல் துணிக்கும், தோல் பொருளுக்கும் இந்த நோய் வரும் என்கிறது. வீட்டுச் சுவருக்கும் வரும். பச்சையும் சிவப்புமாகக் குழிகள் தோன்றினால் ஆசாரியன் வந்து பார்க்க வேண்டும். அவன் வருவதற்கு முன்பே வீட்டில் உள்ள தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துவைத்துவிட வேண்டும். அவன் வந்து தீட்டு என்று சொல்லிவிட்டால் உள்ளே இருக்கும் சாமான்களும் தீட்டாகிவிடும் அல்லவா? அந்த நஷ்டம் வீட்டுக்காரனுக்கு வேண்டாம் என்று சட்டமே வழிசொல்கிறது.

இதை ஒரு மருத்துவர் படித்தால் என்ன சொல்வார்? இன்று நாம் தொழுநோய் என்று அழைக்கும் நோய் சுவரிலும் துணியிலும் வராது. அது மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்ற கிருமியால் வருவது. நார்வேயின் பெர்கன் நகரில் ஆர்மாவர் ஹான்சன் அதை 1873இல் கண்டார். லேவியராகமம் சொல்வது பலவகைத் தோல் மாற்றங்களையும் பூஞ்சைப் படர்வையும் ஒரே வகுப்பில் வைத்த வழிபாட்டுத் தூய்மைச் சட்டம். தொற்றைத் தடுப்பது அதன் நோக்கமாக இருந்திருந்தால், முழுவதும் வெளுத்தவனை ஊருக்குள் விட்டிருக்காது. சாமான்களை முன்கூட்டியே வெளியே எடுக்கவும் விட்டிருக்காது.

திரும்பி வரும் வழி

14ஆம் அதிகாரம் நேர்மாறான பயணம். முதல் வேலை ஆசாரியனுக்கு. நலமடைந்தவன் உள்ளே வரமுடியாது என்பதால் ஆசாரியனே பாளையத்தை விட்டு வெளியே போய் அவனைப் பார்க்க வேண்டும். இரண்டு உயிருள்ள குருவிகள், கேதுருக் கட்டை, சிவப்பு நூல், ஈசோப்பு ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்கிறான். ஊற்றுநீர் ஊற்றிய மண்பாண்டத்தின் மேல் ஒரு குருவியைக் கொல்கிறார்கள். மற்றக் குருவியை அந்த இரத்தத்தில் தோய்த்து, நலமடைந்தவன் மேல் ஏழு தரம் தெளித்த பிறகு, உயிருள்ள அந்தக் குருவியை வெளியில் பறக்கவிடுகிறார்கள். அவன் மயிரை மழித்து, குளித்து, பாளையத்துக்குள் வருகிறான். ஆனாலும் தன் கூடாரத்துக்கு வெளியே இன்னும் ஏழு நாள் இருக்கிறான். எட்டாம் நாள் பலி.

அந்த எட்டாம் நாள் சடங்கை உற்றுப் பாருங்கள். பலியின் இரத்தத்தை அவனுடைய வலது காது மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் பூசுகிறான் ஆசாரியன். பிறகு அதே மூன்று இடங்களில் எண்ணெய். இதே நூலின் 8ஆம் அதிகாரத்தில் ஆரோனையும் அவன் மகன்களையும் ஆசாரியர்களாக்கும்போதும் இரத்தம் பூசப்படுவது இதே மூன்று இடங்களில்தான். நேற்றுவரை ஊருக்கு வெளியே கிடந்தவனுக்கு, சமூகத்தின் உச்சியில் இருப்பவனுக்குச் செய்யும் சடங்கின் சாயலில் வரவேற்பு. ஆட்டுக்குட்டிகளுக்கு வழியில்லாத ஏழை என்றால் ஒரு குட்டியும் இரண்டு புறாக்களும் போதும் என்று செலவையும் குறைத்திருக்கிறது சட்டம்.

நம் ஊர்ப்பக்கம் ஊர்விலக்கு உங்களுக்குத் தெரியும். விலக்கிவைத்தவனை ஊர்க்கூட்டம் தண்டம் கட்டவைத்து, சபையில் விழுந்து கும்பிடவைத்துச் சேர்த்துக்கொள்வதும் தெரியும். விலக்குவதற்கு ஒரு முறை உண்டென்றால் சேர்ப்பதற்கும் ஒரு முறை இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது விலக்கு அல்ல, உயிரோடு புதைப்பது. லேவியராகமம் இதை அறிந்திருந்தது.

ரபிகளின் நிதானம்

எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் இடிந்த பிறகும் ரபிகள் எனப்படும் யூத அறிஞர்கள் இந்தச் சட்டத்தை விவாதித்துக்கொண்டே இருந்தார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டநூலில் நெகாயிம் என்ற ஒரு பகுதி முழுவதும் இதற்கென்றே இருக்கிறது, 14 அதிகாரங்கள். அதிகாரத்தில் இருப்பவன் எவ்வளவு அவசரப்படக்கூடாது என்பதற்கு அது ஒரு பாடநூல். அதிகாலையிலும் மாலையிலும் பார்க்கக்கூடாது; வீட்டுக்குள் வைத்துப் பார்க்கக்கூடாது; மேகமூட்டமான நாளில் பார்க்கக்கூடாது. ஒரு கண்ணில் பார்வை இல்லாத ஆசாரியனும், பார்வை மங்கியவனும் பார்க்கக்கூடாது. தன் உடம்பில் வந்ததைத் தானே பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. புதுமாப்பிள்ளைக்குச் சந்தேகமான படர் தோன்றினால், திருமண விருந்தின் ஏழு நாளும் முடியட்டும் என்று விட்டுவிட வேண்டும். பண்டிகை நாளிலும் அப்படியே.

இன்னும் இரண்டு செய்திகள். யூதரல்லாதவருக்கு இந்தத் தீட்டு ஒட்டாது என்கிறது அதே பகுதி. கிருமி ஆள் பார்த்துத் தொற்றுவதில்லை. ஆகவே இது கிருமியைப் பற்றிய பேச்சு அல்ல என்பது மீண்டும் உறுதியாகிறது. மற்றது, தீட்டுள்ளவன் ஜெப ஆலயத்துக்கு வந்தால், பத்துக் கையகல உயரமுள்ள ஒரு தடுப்புக் கட்டி அவனுக்கு இடம் ஒதுக்க வேண்டும். அவன் முதலில் உள்ளே வந்து கடைசியில் வெளியே போக வேண்டும். ஒதுக்கல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அவன் தொழுகையில் இருக்கிறான்.

வேதாகமத்தின் கதைகளும் இதையே காட்டுகின்றன. மோசேயின் அக்காள் மிரியாமுக்கு நோய் வந்தது. ஏழு நாள் வெளியே இருந்தாள். அவள் திரும்பும்வரை மக்கள் கூட்டம் முழுவதும் பயணத்தை நிறுத்திக் காத்திருந்தது. உசியா அரசனுக்கு நெற்றியில் நோய் கண்டது. சாகும்வரை தனி வீட்டில் இருந்தான், மகன் நாட்டைப் பார்த்துக்கொண்டான். தலைவரின் அக்காள், அரசன் என்று எவருக்கும் சலுகை இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இது தேவைப்படும்.

புதிய ஏற்பாட்டில், மாற்கு எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ஒரு தொழுநோயாளி இயேசுவிடம் வருகிறான். அவர் கைநீட்டி அவனைத் தொடுகிறார். பிரசங்கங்களில் இந்தத் தொடுதலைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். அடுத்து அவர் சொல்வதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை: ஆசாரியனிடம் போய் உன்னைக் காட்டி, மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்து என்கிறார். அதாவது 14ஆம் அதிகாரத்தின்படி ஊருக்குள் திரும்பிப் போ என்கிறார். அவர் சட்டத்தை உடைத்தார் என்று சொல்வதைவிட, சட்டத்தின் மறந்துபோன பாதியை நடத்திக்காட்டினார் என்பதே பொருந்தும்.

ஐரோப்பாவும் 1898ஆம் ஆண்டுச் சட்டமும்

ரோமப் பேரரசுக்குப் பின் வந்த ஐரோப்பா இந்த நூலைத் தன் சட்டங்களுக்குள் எடுத்துக்கொண்டபோது தூய்மைச் சடங்கு ஒரு நோயின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. லொம்பார்டிய அரசன் ரோத்தாரி 643இல் வெளியிட்ட சட்டத்தொகுப்பு, ஊரிலிருந்து வெளியேற்றப்பட்ட தொழுநோயாளி தன் சொத்தை விற்கவோ கொடுக்கவோ முடியாது என்றது. அவன் செத்தவனுக்குச் சமம். 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் திருச்சங்கம், நலமானவர்களோடு வாழமுடியாத தொழுநோயாளிகள் தங்களுக்கென்று கோவிலும் கல்லறையும் குருவும் வைத்துக்கொள்ள உரிமை தந்தது. இரக்கமான ஆணைதான்; தொழுநோய் இல்லங்கள் பலவும் துறவு மடங்கள் போலவே நடந்தன. ஆனால் தனிக் கோவிலும் தனிக் கல்லறையும் தந்தவர்கள், இனி அவர்கள் திரும்பப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள் என்றுதானே பொருள்?

பழியை ஒரு நூலின் மேல் மட்டும் போடுவது நியாயமல்ல. நம் நாட்டுப் பழைய தர்ம சாஸ்திரங்களும் கொடிய தொழுநோய் கண்டவனுக்குச் சொத்தில் பங்கில்லை என்று வைத்திருந்தன. அந்தத் தடையை நீக்க 1928இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. முற்பிறவிப் பாவம் என்று சொன்ன வாய்கள் இங்கே ஏராளம். வந்த எண்ணமும் இருந்த எண்ணமும் கைகோத்துக்கொண்டன.

பிரிட்டிஷ் ஆட்சியில் 1890-91ஆம் ஆண்டுகளில் ஒரு தொழுநோய் ஆணையம் இந்தியா முழுவதும் சுற்றி ஆராய்ந்தது. நோய் பரம்பரையாக வருவதல்ல, தொற்றும் ஆபத்து மிகக் குறைவு, கட்டாயமாகப் பிரித்துவைக்கத் தேவையில்லை என்பது அதன் முடிவு. ஆனாலும் 1898இல் தொழுநோயாளிகள் சட்டம் வந்தது. சட்டத்தின் கூர்முனை யாரை நோக்கி இருந்தது? பிழைக்க வழியில்லாமல் திரியும், பிச்சை எடுக்கும் நோயாளிகளை நோக்கி. அப்படித் தோற்றமளிக்கும் ஒருவரைப் போலீஸ்காரர் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். அறிவிக்கப்பட்ட பகுதிகளில் நோயாளிகள் உணவுப் பண்டம் தயாரித்து விற்கக்கூடாது. பொதுக் கிணற்றிலும் குளத்திலும் குளிக்கவோ, துவைக்கவோ, தண்ணீர் எடுக்கவோ கூடாது. ரயில் தவிர வேறு வாடகை வண்டியில் ஏறக்கூடாது.

மேகமூட்டமான நாளில் பார்க்காதே என்ற மிஷ்னாவையும், தோற்றத்தைப் பார்த்தே பிடி என்ற 1898ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசனையும் வெளியே அனுப்பிய பழைய சட்டத்தையும், பிச்சைக்காரனை மட்டும் பிடித்த புதிய சட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காசுள்ள நோயாளி வீட்டிலேயே இருக்கலாம். எது காட்டுமிராண்டிச் சட்டம், எது நாகரிகச் சட்டம் என்று காலத்தை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.

மலைக்கு வந்த பிராண்ட் குடும்பம்

ஜெஸ்ஸி மேன் பிராண்ட் இங்கிலாந்திலிருந்து 1907இல் இந்தியா வந்தார். சேந்தமங்கலத்தில் இருந்த பாப்டிஸ்ட் மிஷனில் பணி. 1913இல் எவ்லின் ஹாரிசை மணந்து, இருவருமாகக் கொல்லிமலையில் குடியேறினார்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் இன்று பேருந்து ஏறுகிறது. அன்று கால்நடையும் டோலியும்தான். வாழவந்தி நாட்டில் வீடு கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம், வைத்தியம், தச்சு, விவசாயம், வேதம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தார்கள். அந்நாளில் மலையை வாட்டிய நரம்புச் சிலந்திப் புழுவை ஜெஸ்ஸி ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி மெல்ல வெளியே எடுப்பதை மகன் பால் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

அந்த மகன் பின்னாளில் எழுதிய நினைவுகளில் ஒரு காட்சி உண்டு. ஒருநாள் மூன்று பேர் வீட்டுக்கு வருகிறார்கள். கைகால்களில் கட்டு, நடையே வித்தியாசமாக இருக்கிறது. பிள்ளைகளை விலகிப் போகச் சொல்கிறாள் தாய். எல்லா நோயாளிகளையும் வெறுங்கையால் தொட்டு வைத்தியம் பார்க்கும் தந்தை அன்று கையுறை மாட்டிக்கொள்கிறார். புண்களைக் கழுவிக் கட்டுகிறார். தாய் ஒரு கூடையில் உணவு வைத்துக் கொடுக்கிறாள். கூடையைத் திருப்பித் தரவேண்டாம் என்கிறார்கள். அவர்கள் போன பிறகு தந்தை தேய்த்துத் தேய்த்துக் குளிக்கிறார். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் பாலும் தங்கை கோனியும் பிறகு விளையாடவே இல்லை.

இதில் ஜெஸ்ஸியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அன்று மருந்து இல்லை. நீரடிமுத்து எண்ணெயைத் தவிர வேறு நம்பிக்கை இல்லை. யாரும் தொடாதவர்களின் புண்ணை அவர் கழுவினார். ஆனால் இரண்டு அதிகாரங்களுக்கு நடுவில் நின்றுபோன ஒரு வீட்டை இந்தக் காட்சியில் பார்க்கிறோம். இரக்கம் இருக்கிறது, மருந்துக் கட்டு இருக்கிறது, சோறு இருக்கிறது. திரும்பிவரும் வழி மட்டும் இல்லை.

ஜெஸ்ஸி 1929 ஜூனில் கடுங்காய்ச்சலில் இந்த மலையிலேயே இறந்தார். வயது 44. அப்போது பால் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தார். அவர் முதலில் கற்றது கட்டடத் தொழிலும் தச்சு வேலையும். பிறகுதான் லண்டனில் மருத்துவம் படித்து அறுவை மருத்துவர் ஆனார். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

மடங்கிய கை

மறு ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றார். அங்கே தலைமை வகித்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் தோல் நிபுணர். நோயை நன்கு அறிந்தவர். இத்தனை ஆயிரம் மடங்கிய கைகளை எலும்பு, தசை அறுவை நிபுணர் ஒருவர்கூட ஆராயவில்லையே என்பது அவருடைய ஆதங்கம். பால் பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தன் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். இடுக்கி போலப் பிடித்தது கை. அவர் வலியில் துடித்துப்போனார். உயிரற்றது என்று எல்லோரும் கைவிட்ட கையில் இவ்வளவு பலமா? அப்படியென்றால் செத்தது சில தசைகள் மட்டும். மற்றவை உயிரோடு இருக்கின்றன.

அதன் பிறகு நடந்தது பொறுமையான ஆராய்ச்சி. முழங்கை, மணிக்கட்டு போன்ற இடங்களில் தோலுக்கு நெருக்கமாக, சற்றுக் குளிர்ச்சியாக ஓடும் நரம்புகளைத்தான் கிருமி தாக்குகிறது. முன்கையின் பெரிய தசைகள் பிழைத்துக்கொள்கின்றன. பிழைத்த தசை ஒன்றின் தசைநாணை எடுத்து, விரல்களை நிமிர்த்தும் வேலைக்கு மாற்றிக் கட்டினார். பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவந்து பொருளைப் பிடிக்கச் செய்தார். விரல்கள் அழுகி உதிர்கின்றன என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. உணர்ச்சி இல்லாததால் சுடுவதும் வெட்டுவதும் தெரியாமல் ஏற்படும் காயங்களே விரல்களைத் தின்கின்றன என்று அவரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். உறங்கும்போது எலி கடித்தால்கூட அவர்களுக்குத் தெரியவில்லை. நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

இங்கேதான் நம் பொருளுக்கு மிக நெருக்கமான நிகழ்ச்சி வருகிறது. கை சரியான ஒரு இளைஞர் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தார். விரல் நிமிர்ந்துவிட்டதால் பிச்சை போடுவோர் குறைந்துவிட்டார்கள். நோய் வந்தவர் என்பதால் வேலை கொடுப்போரும் இல்லை. கையை நிமிர்த்தினால் போதாது, ஆளை ஊருக்குள் சேர்க்க வேண்டும் என்று அறுவை மருத்துவருக்கு விளங்கியது. 1950களின் தொடக்கத்தில் வேலூரில் நவஜீவ நிலையம் தோன்றியது. குடிசைகள் போட்டு, தச்சும் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார்கள். இளமையில் பழகிய தச்சு வேலை பால் பிராண்டுக்கு இப்போது கைகொடுத்தது. 1955இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது. உலகின் பல நாடுகளிலிருந்தும் மருத்துவர்கள் அங்கே வந்து கற்றுப் போனார்கள்.

தாய் எவ்லின் கதையையும் சொல்லாமல் விட முடியாது. மிஷன் விதிப்படி ஓய்வுபெற்ற பிறகு, எழுபதை நெருங்கும் வயதில், தன் சொந்தப் பொறுப்பில் அவர் மறுபடி மலையேறினார். இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றிக்கொண்டு கொல்லிமலை, கல்வராயன், பச்சைமலை என்று சுற்றினார். 1974 டிசம்பரில், 95ஆம் வயதில் இறந்து, இந்த மலையிலேயே கணவர் பக்கத்தில் அடக்கமானார். பால் பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார், 2003இல் காலமானார்.

சட்டப் புத்தகத்தில் தங்கிவிட்ட தீட்டு

மருத்துவம் வழியைத் திறந்துவிட்டது. 1940களில் டாப்சோன் வந்தது. 1980களின் தொடக்கத்தில் ரிபாம்பிசின், டாப்சோன், குளோபாசிமைன் சேர்ந்த கூட்டு மருந்து வந்தது. ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ நோய் முழுமையாகக் குணமாகும். 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே நோய் குறைந்துவிட்டதாக இந்தியா அறிவித்தது.

சட்டம் நகர்ந்ததா? 2001இல் கிறித்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம் திருத்தப்பட்டது. பெண்களுக்குப் பல நியாயங்கள் செய்த நல்ல திருத்தம். அதே திருத்தத்தில், குணமாகாத கொடிய தொழுநோய் மணமுறிவுக்கு ஒரு காரணமாகப் புதிதாகச் சேர்ந்தது. குணப்படுத்தும் மருந்து வந்து இருபது ஆண்டு ஆன பிறகு, குணமாகாத தொழுநோய் என்று எழுதினார்கள்! 2008இல் ஒடிசாவில், தேர்தலில் வென்ற ஒரு நகராட்சி உறுப்பினரைத் தொழுநோயைக் காரணம் காட்டிப் பதவிநீக்கம் செய்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. மாநிலச் சட்டம் அப்படி இருந்தது. 2015இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 256ஆவது அறிக்கையில் இந்தப் பாகுபாடுகளை எல்லாம் நீக்கச் சொன்னது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. கிறித்தவர், இஸ்லாமியர், இந்துக்கள் ஆகியோருக்கான மணச் சட்டங்களிலிருந்தும், சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் தொழுநோயை மணமுறிவுக் காரணமாகக் கொள்ளும் விதியை நாடாளுமன்றம் 2019இல் அகற்றியது. எந்த மதத்தின் சட்டமும் இதில் மற்றதைவிட மேலாக இருக்கவில்லை.

பழைய சட்டத்தை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நானும் சொல்லவில்லை. நோய் வந்தவனைக் கூவவைத்த சட்டம் நமக்கு வேண்டாம். ஆனால் ஐயம் இருந்தால் காத்திரு, தீர்ப்பு சொல்பவனே எழுந்து வெளியே போ, ஏழைக்குச் செலவைக் குறை, திரும்பி வந்தவனை முழு மரியாதையோடு சேர்த்துக்கொள் என்ற நான்கும் எந்த நாட்டுச் சட்டத்துக்கும் இன்றும் தேவை. இவை இல்லாத சட்டம் எத்தனை நவீனமானதாக இருந்தாலும் பாதிச் சட்டமே.

உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இயற்கையாகவே இந்த நோயை எதிர்க்கும் சக்தி இருக்கிறது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே தொற்றும் தன்மை போய்விடுகிறது. ஆனாலும் நோயை மறைப்பவர்கள் மறைக்கிறார்கள். மறைத்தவரின் விரல்கள் மடங்குகின்றன.

ஆகவே மூன்று வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். கோவிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் பேசுகிறவர்கள் தொழுநோயைப் பாவத்துக்கு உவமையாகச் சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஊராட்சியில் பொறுப்பில் இருப்பவர்கள், குணமான ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது அவருக்கு வேலைக்கும் வீட்டுக்கும் வழிசெய்வதை உங்கள் கடமையாக எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது தோலில் நிறம் மங்கிய, உணர்ச்சியற்ற படை தெரிந்தால் நாள் கடத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். மருந்து இலவசம், பதிமூன்றாம் மாதம் அது பழைய செய்தி ஆகிவிடும்.